செய்தி நேரத்தில் தள்ளிய வண்டி

அப்பா விட்டுப்போன அம்பாசிடரில் போன வாரம் புது ஸ்டீரியோ மாட்டினேன். இன்று அக்காவையும், அவள் வீட்டுக்காரர் மாமாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்ததும் ஸ்டீரியோவில் செய்தி தொடங்கியது.

எனக்குப் பத்து வயதில், ஸ்டீரியோ இருக்கும் அதே இடத்தில் அப்பா ஒரு ரேடியோ மாட்டியிருந்தார். சூடேறினால் கருகல் வாசம் வரும். இன்ஜின் ஓடினால் கொர்ர்ரென்ற இரைச்சல்தான் கேட்கும். அதனால் செய்தி நேரத்தில் அப்பா இன்ஜினை நிறுத்திவிடுவார். நேரமும் வீணாகக்கூடாது என்று, உள்ளே இருப்பவர்களை இறங்கித் தள்ளச் சொல்வார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களை ஜங்ஷனிலிருந்து அழைத்து வந்த அன்றும், பீங்கான் சூளைக்கு எதிரே நிறுத்திவிட்டார்.

"வண்டி ரிப்பேருங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. ராகு காலம் வர்றதுக்குள்ள வூட்டுக்குப் போயிடணும், நியூஸையும் வுட முடியாது. கொஞ்சம் தள்ளுங்க."

சம்பந்தம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளை சலவைச் சட்டையோடு இறங்கித் தள்ளினார். அவருடைய அப்பாவோ நாலடி தள்ளிவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, "சவுண்டு கொஞ்சம் கூட்டுங்க" என்றார். வீடு வருவதற்குள் அப்பாக்கள் இருவரும் கல்யாணமே பேசி முடித்துவிட்டார்கள்.

இப்போது ரயில்வே கேட்டில் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க. எங்கப்பா போயி இருபது வருசமாச்சு."