அம்மாவிடமிருந்து வந்தது

அண்ணன் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஈரல் வீங்கி அவன் செத்தபோது, ஒளித்து வைத்துக் குடித்திருப்பான் என்றுதான் ஊர் சொன்னது. எழுபதுகளின் கடைசி அது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடையில் நின்றான். முப்பதைத் தாண்டியிருந்தான், அவ்வளவுதான்.

அந்த வருஷச் சாரலுக்குக் குற்றாலத்தில் குளிக்கப் போயிருந்தோம். ஐந்தருவியில் தலையைக் காட்டியவன் உடனே வெளியே வந்துவிட்டான்.

"ஏட்டி, இங்கன கொஞ்சம் அமுக்கிப் பாரு."

என் கையைப் பிடித்து வலது விலாவுக்குக் கீழே வைத்தான். ஈர உடம்புக்குள் ஏதோ கட்டியாக, அசையாமல் இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். புற்று என்றார்கள். கார்த்திகைக்குள் போய்விட்டான்.

சில வருஷம் கழித்துத் தம்பிக்குத் துபாயில் வேலை கிடைத்தது. மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதாம். காமாலையே வராதவனுக்கு எப்படி என்று கேட்க, அண்ணனைப் பார்த்த டாக்டரிடமே போனோம். அவர் அம்மாவுக்கும் எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று பேருக்குமே இருந்தது.

"எங்கிட்ட இருந்தா பிள்ளைகளுக்குப் போச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"பிரசவத்துல போயிருக்கும்மா. உங்க தப்பில்லை."

"அப்ப எனக்குல்லா மொதல்ல வந்திருக்கணும்? நான் ஒரு நாள் படுத்ததில்லையே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது பெருகப் பெருக மாறிட்டே இருக்கும்மா. பார்த்து எழுதும்போது எழுத்துப் பிழை விழுதுல்ல, அது மாதிரி. ஒருத்தர் உடம்புல மாறுன மாதிரியே இன்னொருத்தர் உடம்புல மாறாது. சில மாற்றத்தாலதான் ஈரல்ல புத்து வருதோன்னு சந்தேகப்படுறாங்க. எதுன்னு இன்னும் தெரியலை."

"எனக்குள்ள இருக்கது எப்படின்னு பாக்க முடியாதா டாக்டர்?" என்றான் தம்பி.

"இப்ப முடியாதுப்பா."

மறுநாள் முதல் அம்மா தனித் தட்டும் டம்ளரும் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டில் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. தம்பி வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் அவள் கண் அவன் வயிற்றுக்குத்தான் போகும். அவன் சட்டையோடே சாப்பிடப் பழகினான். மாவாட்டிக்கொண்டிருக்கும்போதே என் கையும் என் விலாவைத் தடவிப் பார்க்கும். எனக்குள் எழுதப்படுவது பிழையா சரியா என்று யாரைக் கேட்பது?

எண்பதுகளின் கடைசியில் நான் உண்டானேன். அதற்குள் தடுப்பூசி வந்திருந்தது. பிறந்ததும் போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தை ரயிலில் கொண்டுவந்தார். பெண் பிறந்த அன்றே ஊசி போட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. தூக்கு."

"வேண்டாம்ட்டி. எங் கை வேண்டாம்."

மற்ற ஊசிகளும் முடிந்து, ஒரு வயதில் பிள்ளைக்கு ரத்தம் பார்த்தோம். கிருமி இல்லை. அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஸ்டவ்வை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊசி அப்பமே இருந்திருந்தா..." என்றாள். இடுப்பிலிருந்த பிள்ளையை நான் இறக்கிவிட்டேன். அது தவழ்ந்து போய் அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது. அம்மா அதைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அழுதாள்.