செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடங்களாக ஓர் இயங்குதளத்தின் கெர்னலில் ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறாள். கணினியின் அடியில் உட்கார்ந்துகொண்டு, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யார் எதைத் தொடலாம் என்று முடிவு செய்கிற பகுதிதான் கெர்னல். அதில் ஓட்டை விழுந்தால் வழிப்போக்கன்கூட உள்ளே வந்து வீட்டுக்காரனாகிவிடலாம். இதையெல்லாம் குடும்பத்துக்கு அவள் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். கவனமாகக் கேட்ட குடும்பம் ஒரு முடிவுக்கு வந்தது: அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறாள்.

"அண்ணி, பிரிண்டர் பேப்பரை மென்னு துப்புது. வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்பான் கணவரின் தம்பி.

"அது என் வேலை இல்லப்பா."

"அப்ப இருபது வருஷமா என்னதான் பண்றீங்க?"

பதில் சொல்வதைவிட பிரிண்டரைத் திறப்பது சுலபம். அவள் கை பட்டதும் அது ஒழுங்காக ஓடும். அதுதான் பெரிய அவமானம்.

கல்லூரியில் அவள் படித்தது தாவரவியல். கெர்னலை யாரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் எழுதியதை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, தினம் ஒரு கோப்பு என்று ஆறு வருடம் படித்தாள். இலையின் நரம்பை எண்ணிப் பழகிய கண்ணுக்குக் காற்புள்ளி தப்புமா? அலுவலகத்தில் அவளுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர். அவள் கையெழுத்து இல்லாமல் யாருடைய பேட்ச்சும், அதாவது நிரலைத் திருத்தும் ஒட்டுத்துண்டும், நினைவகப் பகுதிக்குள் நுழைய முடியாது. நுழைய முயன்றவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போனார்கள்.

இரண்டு விஷயங்கள் அவளுக்கு ஆகாது. ஒன்று, குறை எங்கிருந்து வந்தது என்ற வரி இல்லாத பேட்ச். எந்தப் பழைய மாற்றத்தால் இந்த ஓட்டை விழுந்தது என்று தேடி, அந்த மாற்றத்தின், இலக்கமும் எழுத்தும் கலந்த அடையாள எண்ணில் முதல் பன்னிரண்டு எழுத்துகளை, தலைப்போடு சேர்த்துக் குறிப்பில் எழுத வேண்டும். பதினொன்று போதாது, பதின்மூன்று அதிகப்பிரசங்கித்தனம். அலுவலகத்தில் கடைசி மேசையில் உட்காரும் சக ஊழியர், அந்தக் கடைசி மேசைக்காரரின் பேட்ச் ஒன்றை இதற்காகவே ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

மற்றொன்று, 'சும்மா சுத்தம் செய்தேன், செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை' என்ற வாக்கியம். இதை எழுதுகிறவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி. "மாற்றம் இல்லேன்னா எதுக்குத் தொட்டீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஓர் ஓட்டை வந்தது. வெளியாள் ஒருவர் கண்டுபிடித்து ரகசியமாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு அவர் உலகத்துக்கே சொல்லிவிடுவார். அதற்குள் அடைக்க வேண்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது.

ஓட்டை இதுதான். விடுதி அறையைக் காலி செய்தவர் சாவியைத் தராமல் போகிறார். அடுத்தவர் குடிவந்த பிறகு, பழையவர் அதே சாவியால் கதவைத் திறந்து அவர் பெட்டியைக் குடைகிறார். கெர்னலில் ஒரு துண்டு நினைவகத்துக்கு இந்தக் கதி. நிரல் பயன்படுத்தி முடிக்கும் முன்பே அதைத் திருப்பித் தந்துவிடும் வரி ஒன்று, ஒரு படி மேலே இருந்தது. கீழே இறக்கினால் தீர்ந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

"நேத்து என்ன பண்ணின?" என்றார் கணவர், புதன்கிழமை காலைச் சாப்பாட்டில்.

"ஒரு வரியைக் கீழே இறக்கினேன்."

"ரெண்டு நாளா?"

"ஆமா."

அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு நாளைக்கு அறுபது எலும்பு பார்க்கிறவர். நாகரிகமாக ரொட்டியைக் கடித்தார்.

அலுவலகம் போய், யார் வரி என்று பார்க்கும் கட்டளையைத் தட்டினாள். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது. கடைசி மேசைக்காரராக இருந்தால் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது.

திரையில் அவள் பெயர் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய மாற்றம். நான்கு வரியை அழகாக மூன்றாக்கி, ஒரு வரியை மேலே ஏற்றியிருந்தாள். கீழே அவளே எழுதிய குறிப்பு: 'சும்மா சுத்தம் செய்தேன். செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை.'

கட்டளையை மறுபடி தட்டினாள். கணினிகள் சில சமயம் மனம் மாறும் என்று நம்புகிறவளல்ல அவள். ஆனாலும் தட்டினாள்.

மேலாளர் நல்ல மனிதர். அவள் விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நினைவகப் பகுதிக்குப் பொறுப்பாளரை முடிவு பண்றோம். உங்க பேருதான் முதல்ல இருக்கு. இப்பப் போய், குறை எங்கிருந்து வந்ததுங்கற வரியைப் போடணுமா? திருடனுக்கு வழி காட்டின மாதிரியும் ஆகுதே."

"பேட்ச்சே வழி காட்டுது. இந்த ஒரு வரியிலயா அவன் கத்துக்கப் போறான்?"

"சரி, பிறகு சேத்துக்கலாம்."

வெளியே போன குறிப்பில் ஓர் எழுத்தைக்கூடப் பிறகு மாற்ற முடியாது. அது மேலாளருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு கனிவாகச் சொன்னார்.

வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓட்டையைக் கண்டுபிடித்தவர் புது வெர்ஷனில் மட்டும்தான் சோதித்திருந்தார். பழைய வெர்ஷன்களைப் பராமரிப்பவர்கள், எது எதற்கு இந்த பேட்ச் தேவை என்பதை அந்த வரியைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். வரி இல்லையென்றால் புதியதை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பழையவை திறந்த வீடாகக் கிடக்கும்.

மதியம் கணவருக்கு போன் செய்தாள்.

"உங்க எக்ஸ்ரே கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா ஆரம்பத்துல ஒரு நம்பர் வரும்ல, அது என்ன?"

"கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷத்துல என் வேலையைப் பத்தி நீ கேக்கிற முதல் கேள்வி இது" என்றார். பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்து எண்ணைப் படித்தார். எட்டு வருடப் பழைய வெர்ஷன். அவளுடைய ஒன்பது வருட ஓட்டை அதிலும் இருக்கும்.

"ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். அந்தச் 'சும்மா' தன் காதிலேயே விழுந்து, முகம் சூடாயிற்று.

திரும்பி உட்கார்ந்து வரியை எழுதினாள். வேகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி. படித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அன்று கடைசி மேசைக்காரர். அனுப்பினாள்.

படித்துக்கொண்டிருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைத் தட்டி அவளுடைய பழைய குறிப்பைத் திறந்ததும் முதுகு நிமிர்ந்தது. நாற்காலி மெல்லத் திரும்பியது. அந்த முகத்தில் ஏழு திருப்பல்களின் நினைவும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா."

"சொல்லுங்க."

"செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லையாமே."

"படிச்சேன்."

"மாற்றம் இல்லேன்னா எதுக்குக்கா தொட்டீங்க?"

"அழகா இருக்கட்டும்னுதான்."

அவர் தலையாட்டினார். எழுந்து தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பேட்ச் சரியா இருக்கு. ஆனா கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

"ஏன்?"

"அடையாள எண்ணில் பதினொரு எழுத்துதான் இருக்கு. விதி உங்களோடது."

எண்ணிப் பார்த்தாள். பதினொன்றுதான். இருபது வருடத்தில் முதல் முறை. விடுபட்ட எழுத்தைச் சேர்த்து மறுபடி அனுப்பினாள். அவர் எண்ணினார், விரல் விட்டு, உதடு அசைய, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி. பன்னிரண்டு. கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை பன்னிரண்டுக்கு எல்லா வெர்ஷனுக்கும் பேட்ச் போனது. வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் பதவி கடைசி மேசைக்காரருக்குப் போனது. கவனமான ஆள் என்றார்கள். முதல் வேலையாக அவர் அவளுடைய வேறொரு பேட்ச்சைத் திருப்பி அனுப்பினார். குறிப்பில் ஒரு வாக்கியம் தெளிவாக இல்லையாம். படித்துப் பார்த்தாள். இல்லைதான்.

அடுத்த வாரம் கணவர் வீட்டுக்கு வரும்போதே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"எக்ஸ்ரே ரூமை ஒரு மணி நேரம் மூடிட்டாங்க. ஏதோ அப்டேட்டாம். வெளியே கையை ஒடிச்சுக்கிட்டு பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. என்ன மாறிச்சுன்னு கேட்டா, ஒரே ஒரு வரி இடம் மாறியிருக்காம். எவன் செஞ்ச வேலையோ, பேரு தெரிஞ்சா நல்லா கேக்கலாம்."

"பேரு அதுலயே இருக்கு" என்றாள் அக்கா, தட்டை அவர் பக்கம் நகர்த்தியபடி. "ஏத்தினவ பேரும் இருக்கு, இறக்கினவ பேரும் இருக்கு. சாப்பிட்டுட்டுக் கேளுங்க."