பாறைக்குப் பின்னால் அரை மணி நேரம்

எங்கள் கடை ஒண்டிக்கடை என்கிற முக்கில் இருக்கிறது. மிளகு, ஏலக்காய், காப்பித்தூள், தைலம் என்று ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகிற சாமான்கள்தான். கணவர் கல்லாவில் உட்காருவார், நான் உள்ளே பொட்டலம் கட்டுவேன். பொட்டலம் கட்ட வந்த பழைய தாள்களுக்கு நடுவேதான் முதல் புத்தகம் கிடைத்தது. பக்கத்துக் காட்டேஜில் தங்கிய யாரோ விட்டுப்போன ஆங்கில நாவல். அட்டையில் பனிமலை, அதன் மேல் பொட்டுப்போல, சிவப்புக் கோட்டு போட்ட ஓர் உருவம். சேலத்தில் கல்லூரி முடித்து இருபது வருடமாக நான் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் படித்ததில்லை. கிழிக்கப் போனவள் முதல் பக்கத்தைப் பார்த்தேன். உறைந்துபோன ஏரிக்கரையில் ஒரு பெண்ணின் உடல். அன்றைக்கு மத்தியானம் உலை வைக்க மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு காட்டேஜ் சமையல்கார அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ரூமில் கிடக்கிற புத்தகங்களை அவர் கொண்டுவந்து கொடுப்பார். காட்டில், மலையில், பனியில் நடக்கிற கொலைக் கதைகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். சின்ன வயதில் நான் படித்த துப்பறியும் கதைகளில் கொலை லாட்ஜ் அறையில் நடக்கும், பங்களாவில் நடக்கும். இந்தக் கதைகளில் அப்படியில்லை. பெரிய காடு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை நாள் நடை, அத்தனைக்கும் ஒரே ஒரு போலீஸ்காரி. ஆட்கள் சொல்வதை அவள் நம்ப மாட்டாள். மிதிபட்ட புல்லையும் ஒடிந்த கிளையையும்தான் நம்புவாள். எங்கள் ஊர் மூடுபனியை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. துணி காயாது என்ற கவலைதான் இருந்தது. இந்தப் புத்தகங்களுக்குப் பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்கையில் அதற்குள் யாரோ நிற்பதுபோல இருக்கும். முதுகு சில்லிடும். அடுப்பில் குக்கர் விசிலடிக்கும், வாசலில் கணவர் யாருக்கோ காப்பித்தூள் நிறுத்துக்கொண்டிருப்பார். அப்படி உட்கார்ந்து பயப்படுவதில் ஒரு சுகம் இருந்தது.

போன வருடம் தை மாதம் கொட்டச்சேடு என்கிற மலைக்கிராமத்துக்குப் போனேன். அங்கே எங்களுக்கு மிளகு கொடுக்கிற ஓர் அக்கா இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக மலையில் வெள்ளாமை செய்கிற குடும்பம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வியாபாரம் தாண்டிப் பழக்கம். நோன்புக் கஞ்சியை நான் கொண்டுபோவேன், பொங்கலுக்கு அவர் கூப்பிடுவார். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்கக் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஒரு நாவலைப் பாதிவரை படித்தேன். தனியாக மலையேறும் ஒரு பெண்ணை ஒருவன் பின்தொடர்கிறான். அவன் முகத்தைக் காட்டுவதில்லை. மரத்துக்கு மரம் தடியால் தட்டுகிறான். அவள் சத்தம் வராத பக்கமாக ஓடுகிறாள், அவனுக்கு வேண்டியதும் அதுதான். நிறுத்தம் வந்ததும் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அக்கா வீட்டுக்கு எஸ்டேட் வழியாக முக்கால் மணி நேர நடை. பலமுறை போன பாதை. காலை பத்து மணி இருக்கும். பாதி தூரம் போவதற்குள் பனி இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரங்களின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. காப்பிச் செடிகள் வரிசை மறைந்து கறுப்புக் குவியல்களாக நின்றன. எஸ்டேட்டைத் தாண்டிவிட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். பாதையிலிருந்து நாலடி தள்ளி, ஒரு மரத்தடியில், ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. சுற்றிலும் ஆள் இல்லை. குனிந்து பார்த்தேன். போலீஸ்காரி மாதிரி பார்க்கிறோம் என்று ஒரு நொடி எனக்கே சிரிப்பு வந்தது.

டொக். டொக். டொக்.

மரத்தில் தட்டுகிற சத்தம். எந்தப் பக்கம் என்று பனியில் பிடிபடவில்லை. நின்றது. மறுபடி மூன்று தட்டு. எனக்குக் கால் ஓடவில்லை, பிறகு கால் மட்டும்தான் ஓடியது. முப்பதடி தள்ளி ஒரு பாறை இருந்தது. அதன் பின்னால் போய் ஒண்டிக்கொண்டேன். போனை எடுத்தால் சிக்னல் இல்லை. காவல் வேண்டி ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சிறுபிள்ளையிலிருந்து ஓதுவது, நாக்குக்கு வரவில்லை. யாருங்க என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. குரல் கொடுத்தால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்று புத்தகம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

தட்டல் விட்டுவிட்டு வந்தது. ஒருமுறை பாறையின் ஓரமாக எழுந்து எட்டிப் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சத்தம் அடியோடு நின்றுபோனது. அது இன்னும் மோசம். தட்டும்போது அவன் தூரத்தில் இருக்கிறான் என்றாவது தெரிந்தது. இப்போது என் முதுகுக்குப் பின்னால்கூட இருக்கலாம். கறுப்புப் பர்தா முழுக்க ஈரம். பல் கிட்டித்துக்கொண்டது. போனில் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே அரை மணி நேரம் இருந்தேன்.

பயம் கொஞ்சம் களைத்துப்போன நேரத்தில் அந்தச் செருப்பு மனதுக்கு வந்தது. அது சிதறிக் கிடக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில், குதிகால் சேர்த்து, மரத்தைப் பார்க்க விட்டிருந்தது. மரம் ஏறுகிறவன்தான் அப்படி விடுவான். அடியில் பச்சை மிளகுக் கொத்துகள் கிடந்ததையும் பார்த்திருந்தேன், பார்த்தும் என் மனதில் ஏறவில்லை. மரத்தில் ஏற்றிய கொடியிலிருந்து மிளகு பறிக்கிற மாதம். ஒருவர் ஏறியிருக்கிறார். இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை.

எழுந்து போனேன். அப்போதும் தைரியம் வந்துவிடவில்லை, கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டுதான் போனேன். மரத்துக்கு மறுபக்கம் சரிவு. கீழே காப்பிச் செடிகளை அமுக்கிக்கொண்டு, கணுவில் கால் வைத்து ஏறுகிற ஒற்றை மூங்கில் ஏணி கிடந்தது. அதன் பக்கத்தில் அக்காவின் கணவர், ஒரு கால் ஆகாத பக்கம் திரும்பியிருக்க, மல்லாந்து கிடந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவர் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அவர் கைக்குள் ஒரு கல் இருந்தது. அதை வைத்துத்தான் ஏணியில் தட்டியிருக்கிறார்.

"அம்மணி..." என்றார். காற்று மட்டும்தான் வந்தது. விலா எலும்பு உடைந்திருந்ததால் சத்தம் போட முடியவில்லை.

"அண்ணா, பேசாதீங்க. இங்க சிக்னல் இல்லீங்க. மேட்டுக்குப் போயி போன் பண்ணிட்டு ஓடியாந்தர்றேன்."

அவர் என் பர்தா நுனியைப் பிடித்துக்கொண்டார். "போயிராதீங்க. காட்டெருமை நிக்குது."

"எங்கீங்க?"

"அந்தப் பாறைகிட்ட. கருப்பா எந்திரிச்சு நின்னுச்சு. நான் தட்டறத நிறுத்திப்போட்டேன். மூச்சுக்கூட உடலீங்க."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மேட்டுக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சிக்னல் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டருக்குச் சொல்ல, ஜீப் வந்தது. நாலு பேர் சாக்கில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். குப்பனூர் ரோடு வழியாகச் சேலத்துக்கு இறக்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகினார். அக்கா காய்ச்சலோடு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீங்க மட்டும் அந்த நேரத்துக்கு வரலீன்னா..." என்று அழுதார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடையில் கம்பி வைத்தார்கள். நுரையீரலைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தது, அதையும் எடுத்தார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் சிரமம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு மட்டும் சொன்னதுபோல இருந்தது. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பயந்தது தப்பா? விடு" என்றார். என்னால் விட முடியவில்லை. தட்டல் நின்ற பிறகான அந்த அமைதி அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் வந்தது. கடைக் கதவு காற்றில் இடித்தாலும் ஓடிப்போய் வெளியே பார்த்தேன்.

இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அது காட்டெருமை இல்லீங்க. நாந்தான். தட்டற சத்தம் கேட்டுப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன். அரை மணி நேரம்."

அவர் கையில் இருந்த பிளாஸ்கைத் திறந்து மூடினார்.

"எதுக்குங்க பயந்தீங்க?"

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அற்பமாக இருந்தது.

"ஒத்தையில வந்திருந்தா நானும் ஒளிஞ்சுதான் இருப்பேன்" என்றார். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அரை மணி நேரம்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு, "அவருகிட்டச் சொல்லாதீங்க. காட்டெருமை வந்துச்சுன்னு நொம்பச் சந்தோசமா சொல்லிக்கிட்டிருக்காரு" என்றார்.

அந்த மாதிரி நாவல்களை மூன்று மாதம் தொடவில்லை. பிறகு தொட்டேன். இன்னும் படிக்கிறேன், இன்னும் பிடிக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் படிக்கும்போது பழைய சுகம் இல்லை. காட்டில் ஒரு சத்தம் வந்தால் நாயகி ஓடத் தொடங்குவதற்கு முன்னால் நான் புத்தகத்தை மூடிவிட்டு, அது யாராக இருக்கும் என்று யோசிக்கிறேன்.

அண்ணன் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். மரம் ஏறுவதில்லை, களத்தில் மிளகு காயப்போடுவதைப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அவர்கள் வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். நானும் இருந்தேன். அவர் அந்தக் காலையைச் சொல்லத் தொடங்கினார்.

"சும்மா இல்லீங்க, ஆளு ஒசரம். என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. அப்பறம் என்ன நெனச்சுதோ, போயிருச்சு. அம்மணி வந்தாங்க."

உறவினர்கள் என்னை நன்றியோடு பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு, மிளகில் காம்பு பொறுக்க என்னையும் களத்துக்குக் கூப்பிட்டார்.