கையைக் கடிச்சா லீவு

பத்து வருஷத்துக்கு முன்னாடி, எங்க பொண்ணுக்கு ஏழு வயசு. பேச்சு வரல. ஆட்டிசம்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. கைக்குப் பயிற்சின்னு பாசிமணி கோக்க உக்கார வெச்சா மணிக்கட்டக் கடிச்சிக்கும். ரத்தமே வரும். ஒடனே நான், "போதும்டா தங்கம், ஷிப்ட் முடிஞ்சுது"ன்னு பாசியெல்லாம் எடுத்து வெச்சிருவேன். நல்ல அப்பன்னு எனக்கு நானே மெடல் குத்திக்குவேன்.

வடலூர்லருந்து எங்க குவார்ட்டர்ஸுக்கு வர்ற ஸ்பெஷல் டீச்சர் அதப் பாத்தாங்க. "சார், கடிச்சா வேலை போயிடும்னு தெரிஞ்சுகினுதான் கடிக்குது. லீவு கேக்க வேற வழி அதுக்குத் தெரியல."

மைன்ஸ்ல மெடிக்கல் லீவுக்குப் பேர் போன ஆளு நான். "ரத்தத்துல வந்திருக்கு டீச்சர்"னேன். பொண்டாட்டி மொறச்சா.

டீச்சர் வழி சொன்னாங்க. மொதல்ல ஒரே ஒரு பாசி குடுக்கணும். கடிக்காம லீவு கேக்கச் சொல்லித் தரணும், கேட்டா ஒடனே குடுத்துரணும். கடிச்சா மட்டும் கெடையாது. கைய மெதுவாத் தடுத்து, கூடவே புடிச்சு அந்த ஒரு பாசியக் கோத்து முடிக்கணும். மணிக்கட்டுக்குப் பாதுகாப்பா என் பூட்ஸ் சாக்ஸோட நுனிய வெட்டிப் போட்டுட்டு மீதிய மாட்டுனோம்.

லீவு கேக்கன்னு டீச்சர் குடுத்த பட அட்டையப் பொண்ணு வீசிட்டுது. ஆனா ஆணியில தொங்குற என் மஞ்சள் ஹெல்மெட் அதுக்கு அத்துப்படி. அது ஆணிக்கு வந்துட்டா அப்பாவுக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

"அதையே வெச்சிக்கலாம் சார்"னாங்க.

ஆணியக் கீழ எறக்கி அடிச்சோம். ஹெல்மெட்ட எடுத்து எங்க மடியில வெச்சா லீவு. மொத வாரம் முன்னவிட அதிகமாக் கடிச்சுது. அப்புறம் ஹெல்மெட் வர ஆரம்பிச்சுது. ஒவ்வொரு பாசிக்கும் ஒரு ஹெல்மெட். நானே அவ்ளோ லீவு கேட்டதில்ல.

அப்பத்தான் நான் என் புத்தியக் காட்டுனேன். அதுவரைக்கும் காலை ஷிப்டு; செகண்ட் ஷிப்டு மாறுன அன்னிக்கு மத்தியானம் வழக்கம்போல ஹெல்மெட்ட மாட்டிகினு கெளம்பிட்டேன். சாயங்காலம் பாசியோட உக்காந்த புள்ள ஆணியப் பாத்திருக்கு. காலி. சாக்ஸோட சேத்துக் கடிச்சிருக்கு.

வந்ததும் பொண்டாட்டி காயத்தக் காட்டுனா. "பேசக் கத்துக் குடுத்துட்டு, அந்த வாயத் தலையில மாட்டிகினு டூட்டிக்குப் போயிட்டீங்களே!"



ஸ்டோர்ஸ்ல கெஞ்சிப் புது ஹெல்மெட் வாங்கியாந்து ஆணியில மாட்டுனேன். பொண்ணு அதத் தொடவே இல்ல. என் வேர்வை நாத்தம் பத்தல போல. சரின்னு பழச வூட்டுல விட்டுட்டுப் புதுச நான் மாட்டிகினேன்.

"என்னண்ணே, புது ஹெல்மெட்டு? புரமோஷனா?"ன்னு பசங்க கேட்டானுங்க.

"பழசுக்குத்தாண்டா புரமோஷன்."

அப்புறம் பாசிய மெல்ல மெல்லக் கூட்டுனோம். ஒரு ஞாயித்துக்கிழமை பாதிச் சரம் கோத்துச்சு. கை வாய் வரைக்கும் போச்சு. நின்னுது. எழுந்து போய் ஹெல்மெட்ட எடுத்தாந்து என் மடியில வெச்சுது. நான் ஒடனே பாசிய எடுத்து வெச்சிட்டு, ஹெல்மெட்டப் புடிச்சிகினே உக்காந்திருந்தேன்.

காயம் ஆறுன பொறவு பொண்டாட்டி அந்த சாக்ஸத் தொவச்சு என் கையில குடுத்தா. "இனிமே இது உங்களுக்குத்தான்."

போட்டுகினுதான் டூட்டிக்குப் போனேன். நாள் முழுக்க பூட்ஸுக்குள்ள அஞ்சு வெரலும் வெளிய நீட்டிகினு இருந்துது.