ஓரிரு இடங்களில் மழை

தொலைக்காட்சியில் அடுத்த வாரத்து வானிலை சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில், ஓரிரு இடங்களில், இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஓரிரு இடம்னு சொல்றாகளே, அது எந்த எடம்னு சொன்னா கொறஞ்சா போயிருவாக?" என்பார். சொல்லிவிட்டுப் போனை எடுத்து என் அண்ணனைக் கூப்பிடுவார். எங்களுக்கு வானிலை நிலையம் அண்ணன்தான்.

நாங்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தோம். அண்ணனுக்குக் கம்பமெட்டு தாண்டி, கேரளப் பக்கம், மலை மேல் ஏலத்தோட்டம். கோடை மழை மலையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும். ஏலச் செடிக்கு அந்த மழைதான் உயிர். பழுத்த திராட்சைக்கு அதுவே எமன். பழம் வெடித்துக் கொத்தோடு அழுகிப் போகும். பிறந்த வீட்டுக்கு மழை வேண்டும், புகுந்த வீட்டுக்கு ஆகாது. இப்படி ஒரு சம்பந்தத்தைத் தேடிப் பிடித்துச் செய்து வைத்தவர்களை என்ன சொல்ல? சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயிலில் கண்ணை மூடி நின்றால் என்ன கேட்பதென்றே தெரியாது. மலையில் பெய்யட்டும் தாயே, அந்த மழையைக் கம்பமெட்டுச் சோதனைச் சாவடியோடு நிறுத்திவிடு என்று வேண்டிக்கொள்வேன்.

அந்த வருஷம் மலை ரொம்பவே காய்ந்துவிட்டது. குளத்தில் சேர்த்து வைத்த தண்ணீரும் தீர்ந்து, செடிகள் தூரோடு மடங்கிக் கிடப்பதாக மதினி போனில் அழுதாள். இங்கே எங்கள் பந்தலில் பழம் கறுத்துத் தொங்கியது. வியாபாரி அடுத்த வாரம் ஆள் கொண்டுவந்து வெட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதுவரை மழை வராமல் இருக்க வேண்டும், எங்கள் பாடெல்லாம் அதில்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் போடுவார்.

"இங்கன மேகமே இல்ல மாப்ள. நீங்க தைரியமா இருங்க" என்பார் அண்ணன்.

தன் தோட்டம் கருகுவதை எங்களுக்கு ஆறுதலாகச் சொன்ன மனுஷன் அவர்.

வியாபாரி வருவதாகச் சொன்னதற்கு முந்தின நாள் மத்தியானம். வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டதும், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்குள்ளிருந்து அண்ணன் கத்தினார்.

"மாப்ள, எறங்கிருச்சு. கெழக்க பாத்துதான் வருது. கெடைச்ச ஆள வச்சு வெட்டுங்க."

வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்: "மண்ணு நனைஞ்சுச்சா மச்சான்?"

"நனைஞ்சிருச்சு மாப்ள" என்றார் அண்ணன், ஏதோ தப்புச் செய்தவர் போல.

அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அண்ணாந்து அண்ணாந்து வெட்டினோம். பாதிப் பந்தல்கூட முடியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். வெடித்த பழத்தைக் கழித்துத் தள்ள எங்களோடு உட்கார்ந்தவர், தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மழையை நீயா ஏவிவிட்டாய், எதற்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று கத்தினேன். வீட்டுக்காரர் இருந்ததில் நல்ல கொத்துகளாகப் பார்த்து ஒரு பையில் போட்டு, மதினிக்குக் கொண்டு போகச் சொல்லி அண்ணன் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவரைப் பிடித்த மாதிரி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிவிட்டது. ஏலத்தோட்டம் கைமாறிப் போனது. நாங்களும் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைத்துவிட்டோம். தென்னைக்கு மழை என்றால் கொண்டாட்டம்தான், இனி நான் சாமி முன்னால் குழம்ப வேண்டியதில்லை. அந்தக் குழப்பம் திரும்ப வராதா என்று ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள்.

இப்போது அடுத்த வாரத்து வானிலை போனிலேயே வந்துவிடுகிறது, ஊர்ப் பெயரைப் போட்டால் போதும். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்காரர் டீயோடு உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழம மச்சான் தோட்டத்துக்கு நல்ல மழையாம்" என்றார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு, நம் ஊருக்கு எப்படி என்று கேட்டேன்.

"அதப் பாக்கலியே" என்றார்.