மவுஸின் அடியில் சந்தனம்

அலுவலக ஆயுத பூஜையில் இன்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். அந்த வாசனையோடு, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா நடத்திய கேம் சென்டர் திரும்பி வந்தது: நான்கு கம்ப்யூட்டர்கள், சூடான தூசியின் மணம், ஒரே நாற்காலியில் இரண்டு பேராக ஒட்டிக்கொண்ட பையன்கள், ஓயாமல் ஸ்பீக்கரில் வெடித்த துப்பாக்கிகள்.

ஓர் ஆயுத பூஜைக்கு, மேலே வைத்தால் பையன்களின் கைபட்டு அழிந்துவிடுமென்று, மவுஸ்களின் அடியில் அம்மா சந்தனம் வைத்தாள். மறுநாள் லீவுக் கூட்டம் வந்து நின்றபோது எந்த மவுஸும் வேலை செய்யவில்லை.

"சாமி கும்பிட்ட மிஷின்ல சுட்டுக்கிட்டே கெடந்தா எப்படிடா ஓடும்?" என்று பையன்களைக் கேட்டவள், துப்பாக்கி விளையாட்டுகள் அத்தனையையும் அழித்துவிட்டாள். சில நாளில் மவுஸ்கள் தாமாகவே ஓடின. அம்மாவின் நம்பிக்கை உறுதியானது. ஆனால் பையன்கள் வரவில்லை, சென்டரை மூடினோம்.

இன்று என் மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், அசைவை அறியும் சிவப்பு வெளிச்சம். அன்று மவுஸ்கள் ஓடாததற்கு அதைச் சந்தனம் மறைத்ததுதான் காரணமா, காய்ந்து உதிர்ந்ததும் சரியாகிவிட்டதா? குழப்பத்தோடு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மவுஸுக்குப் பொட்டு எங்கேம்மா வைக்கணும்?"

"அடியிலதான்ப்பா. மேல வச்சா அழிஞ்சிரும்."

சரி என்றேன். விரல் நுனியில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.