இருபது நிமிடம்

விருத்தாசலத்தில் முப்பத்தொரு வருடம் பீங்கான் சூளை பார்த்தவன் நான். நேரத்துக்கு முன் ஒரு நாளும் திறந்ததில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன் ஹெச்.ஐ.வி. சுய பரிசோதனைப் பெட்டியைப் பிரித்து, தன் ஈறில் தேய்த்த குச்சியைக் குப்பியில் வைத்த ஆறு நிமிடத்துக்குள் நான்கு முறை எட்டிப் பார்த்துவிட்டேன்.

"இருபது நிமிஷம் ஆவணும் தாத்தா. செத்த ஒக்காருங்க."

"ரெண்டு கோடு வந்துட்டா?"

"பெரியாஸ்பத்திரியில மறுபடி பாப்பாங்க. மாத்திரை இருக்குது. சர்க்கரைக்கு நீங்க முழுங்கறதவிட கம்மிதான்."

எனக்குத் தினம் ஐந்து.

இருபதாவது நிமிடத்தில் ஒரே கோடு தெரிந்தது. நான் மூச்சுவிட்டேன். அவன் அசரவில்லை. சமீபத்தில் தொற்றியிருந்தால் இதில் காட்டாதாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதியாம். எதற்காக இந்தச் சோதனை என்று நான் கேட்கவில்லை. காலண்டரில் தொண்ணூறு நாள் எண்ணினேன், வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.

"வரேன். உங்களுக்குத்தான் தொணை வேணும்" என்றான்.